எழுதும் மெய்

(மத்திகிரியில் நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழ்த்துறையைச் சேர்ந்த ஒருத்தி பேச வந்தால் சங்க இலக்கியத்தைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று நாற்காலியைப் பற்றியும் மேசையைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இவ்வட்டத்தின் உறுப்பினர்களுள் பலர் ஓசூர்த் தொழிற்பேட்டையின் அலுவலகங்களில் பகல் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பவர்கள். மாலையில் வீட்டுக்குப் போனபின் கவிதையையும் கணினியிலேயே எழுதுகிறார்கள். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் கவிதையைப் பற்றிய பேச்சு எவ்வளவு எழுகிறதோ, கழுத்து வலியைப் பற்றிய பேச்சும் ஏறக்குறைய அவ்வளவு எழுகிறது. எழுதுகின்ற உடம்பைப் பற்றி ஓர் இலக்கிய மேடையில் ஒருமுறையாவது பேசுவது தகும் என்று கருதினேன்.

பிறப்பியலும் உடம்பும்

நம் இலக்கணம் எழுத்தை உடம்பிலிருந்தே தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி ஒலியாவதை முறைப்படுத்திச் சொல்கிறது. உடம்பைக் குறிக்கும் ‘மெய்’ என்ற சொல்லையே எழுத்தின் ஒரு பாதிக்குப் பெயராக வைத்தவர்கள் நாம். உள்ளத்து உணர்வு உடம்பில் புலப்படுவதை ஆராய மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே தனியாக உண்டு.

ஒலி எழுத்து பிறக்கும் இடங்களை இவ்வளவு நுட்பமாகக் கண்ட மரபில், வரிவடிவ எழுத்து பிறக்கும் இடங்களான தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், விழி ஆகியவற்றை யாரும் நூற்பா செய்து வைக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் அவற்றை அறிந்தே இருந்தார்கள். ஓலையில் எழுதியவர் தரையில் அமர்ந்து, இடக்கையில் ஓலையைப் பிடித்து, அக்கையின் கட்டைவிரலால் எழுத்தாணியைத் தாங்கி, ஆணியை விட ஓலையையே மிகுதியாக நகர்த்தி எழுதினார். அதற்கெனக் கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வடமொழிச் சுவடிகளின் இறுதியில் படியெடுத்தவர்கள் எழுதி வைத்த முடிப்புரைகளுள் பலவற்றில் ஒரே முறையீட்டைக் காணலாம். முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடிய, விழி நிலைகுத்த, முகம் கவிழ்ந்து வருந்தி எழுதிய நூல் இது, கருத்தோடு காத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் செய்தி. முதுகு, இடுப்பு, கழுத்து, விழி என்ற அந்தப் பட்டியலை இன்று கணினி முன் அமர்ந்திருக்கும் எவரும் தம்முடையது என்றே சொல்வார்கள்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் விரிவுபடுத்திய பதிப்பில் எழுத்தர்களின் நோயைப் பற்றியும் எழுதினார். இடைவிடாது அமர்ந்திருத்தல், கை ஒரே திசையில் ஒரே அசைவைச் செய்துகொண்டிருத்தல், பிழை நேர்ந்துவிடுமோ என்று உள்ளம் இறுகியிருத்தல் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். வலக்கை தளர்ந்துபோன ஓர் ஆவண எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டதையும், சிறிது காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்ததையும் அவர் குறித்திருக்கிறார். வேலையின் முறையை மாற்றாமல் கையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை.

நுகத்தடியும் மேசையும்

கருவியையும் பணியிடத்தையும் மனித உடம்புக்கு ஏற்ப அமைக்கும் துறையைப் பணிச்சூழலியல் என்கிறோம். மேலைநாட்டில் அதற்கான சொல்லைப் போலந்து அறிஞர் ஒருவர் 1857இல் கிரேக்க வேர்களைக்கொண்டு அமைத்தார். அதன் கருத்து மட்டும் மத்திகிரியில் யாருக்கும் புதியதன்று. கால்நடைப் பண்ணையின் பெயரோடு சேர்த்தே அறியப்படும் ஊர் இது. நுகத்தடி மாட்டுக்குப் பொருந்தாவிட்டால் கழுத்தில் புண் வரும் என்பதை இங்குள்ள உழவர் எவரும் அறிவர். அப்போது அவர் மாட்டைக் குறைசொல்வதில்லை. நுகத்தடியைச் சீவிச் சரிசெய்கிறார். அலுவலகத்தில் மட்டும் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. மேசை அப்படியே இருக்கிறது, மனிதர் வளைந்துகொள்கிறார்.

உயரம் வேலையைப் பொறுத்தது. கைக்கடிகாரத் தொழில் 1980களில் வேரூன்றிய ஊர் ஓசூர். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஆலை இங்கேதான் அமைந்தது. கடிகார உறுப்புகளைப் பொருத்துவது போன்ற நுண்பணிக்கு மேசை முழங்கை மட்டத்திற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பொருள் கண்ணுக்கு அருகில் வரும், முழங்கைகளும் ஊன்றிக்கொள்ளும். பளுவான வேலைக்கு மேசை நன்கு தாழ்ந்திருக்க வேண்டும். விசைப்பலகை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது முழங்கை மட்டத்திலோ அதற்குச் சற்றுத் தாழ்வாகவோ இருப்பதுதான் முறை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அலுவலக மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரத்தில் செய்யப்படுகின்றன. நம் பெண்களுள் மிகப் பலர் ஐந்தடியை ஒட்டிய உயரமுடையவர்கள். ஐந்தடிப் பெண் ஒருவர் பாதம் தரையில் படியும்படி அமர்ந்தால் அவருடைய முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசை அவருக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம் உயரம் மிகுந்தது. அந்த ஆறு அங்குலத்தை யார் ஈடுகட்டுவது? அவருடைய தோள்கள்தாம். எட்டு மணி நேரமும் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்பவருக்குப் பிடரியில் வலி வராமல் வேறு எங்கே வரும்?

நாற்காலியை ஆறு அங்குலம் உயர்த்தினால் தோள் இறங்கும். ஆனால் கால் அந்தரத்தில் தொங்கும். இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கால் மரத்துப்போகும். ஆகவே நாற்காலியை உயர்த்துவோர் காலடியில் ஒரு பலகையும் வைத்தே தீரவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஐந்நூறு தாள் கொண்ட ஏ-4 கட்டு ஒன்று ஏறத்தாழ 5 செ.மீ. தடிமன் உடையது. பிரிக்காத மூன்று கட்டுகளை அடுக்கி இறுகக் கட்டினால் ஆறு அங்குலக் கால்மணை கிடைத்துவிடும். தச்சரிடம் சொல்லி மேசைக் கால்களை அறுத்துக் குறைப்பதும், மேசைக்கு அடியில் விசைப்பலகைக்கென இழுப்புத் தட்டு ஒன்றைப் பொருத்துவதும் நிலையான வழிகள்.

அமரும் முறை

நாற்காலியில் இடுப்பைப் பின்னே தள்ளி, முதுகு சாய்மானத்தில் படிய அமர வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகு உட்குழிந்திருக்கும் இடத்தில் தாங்கல் இல்லையென்றால், துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டாலே போதும். முழங்கை உடம்பை ஒட்டியும், முன்கை தரைக்கு இணையாகவும், மணிக்கட்டு மேலும் கீழும் மடியாமலும் இருத்தல் நன்று. சுட்டியை விசைப்பலகைக்கு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். எட்டிப் பிடிக்கும் தொலைவில் அதை வைத்தால் தோள் ஓயாமல் முன்னிழுக்கப்படும். திரையைக் கை நீட்டினால் தொடும் தொலைவில், அதன் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமையும்படி வைக்க வேண்டும். இருபார்வைக் கண்ணாடி அணிந்தோர் திரையை இன்னும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வரும். நாற்பதைக் கடந்த கவிஞர்கள் இதை மனத்திற்கொள்ளுங்கள்.

சாளரம் பக்கவாட்டில் இருப்பது நல்லது. பின்னால் இருந்தால் திரை பளபளக்கும். முன்னால் இருந்தால் கண் கூசும். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் உலரும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபதடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

நூல்களில் காணப்படாத ஒன்றையும் நம் பெண்களுக்குச் சொல்லவேண்டும். உருளை பொருத்திய நாற்காலியில் அமரும்போது புடைவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உருளையில் துணி சுற்றிக்கொண்ட பின் எழ முயன்றால் விழ நேரும்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்குகிறது. நாள் முழுவதும் அதில் எழுதுவோர் அதைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கிக்கொள்வதே தீர்வு. கைப்பேசியில் இரு கட்டைவிரல்களாலும் நெடுங்கவிதை எழுதுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி தோன்றினால் தசைநாண் உறை வீங்கியிருக்கக்கூடும். 1895இல் அதை விளக்கிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் தெ கெர்வேனின் பெயரால் அந்நோய் வழங்குகிறது. அத்தகையோர் குரல்வழி உள்ளீட்டைப் பயன்படுத்தலாம். இன்று தமிழில் சொல்லச் சொல்லக் கைப்பேசியே எழுதிக்கொள்கிறது. சந்திப்பிழையைப் பின்னர் நாம் திருத்திக்கொள்ளலாம்.

மணிக்கட்டில் எலும்புகளாலும் தசைநாராலும் ஆன குறுகிய வழி ஒன்றுண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். இரவில் விழிப்பு வந்து கையை உதறத் தோன்றும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். இதற்குக் கணினி மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. நீரிழிவு, தைராய்டுக் குறை, கருவுற்ற காலம் முதலியனவும் காரணமாகலாம். எனவே தைலம் தடவிக்கொண்டே காலத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

விசைப்பலகை என்னும் யாப்பு

தட்டச்சுப் பொறிக் காலத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் உருளையைத் தள்ள வேண்டியிருந்தது; பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டியிருந்தது. விரலுக்கு அவை இயல்பாக வந்த ஓய்வுகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படுகிறார். அப்பொறியில் புள்ளியை முன்னரே அடித்துவிட்டுப் பின் மெய்யை அடிப்பார்கள். கொம்பையும் எழுத்துக்கு முன்னரே இடுவார்கள். கணினி வந்தபின் வரி முடிவின் ஓய்வு போய்விட்டது. விரல் நிற்பதற்கு எழுதுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை, எழுதுவோரின் உடல் நலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்களுக்கான விசைகளுள் மிகப் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் உள்ளன. வகரமும் ஙகரமும் மட்டும் இடப்புறத்தில் கீழ் வரிசையில் இருக்கின்றன. விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, எ ஆகியவையும் புள்ளியும், வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய ஆகியவையும் அமைந்துள்ளன. மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. இனவெழுத்து இயைபு என்று நாம் வகுப்பறையில் கற்பிப்பது இங்கே விரலின் உழைப்பைக் குறைக்கிறது.

‘வந்தான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்99 முறையில் வ, ந, த, ஆ, ன, புள்ளி என ஆறு தட்டல்கள். ஆங்கில எழுத்துகளைக்கொண்டு ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் எட்டுத் தட்டல்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு என்பது சிறிதாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு முப்பது பக்கம் அடிப்பவரின் விரல்களைக் கேட்டால் அது சிறிதா பெரிதா என்று தெரியும். இளைய கவிஞர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியாகவே தமிழ் அடிக்கிறார்கள். இரண்டு வாரம் முயன்றால் தமிழ்99 கைவசமாகும் என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இருக்கையும் எழுச்சியும்

வேலை செய்யும் இடத்தில் அமர்வதும் ஓர் உரிமை என்பதைச் சட்டம் மெல்லவே ஏற்றது. நின்றுகொண்டே வேலை செய்யவேண்டிய தொழிலாளர்க்கு ஓய்வு கிடைக்கும்போது அமர வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறியது. கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் எட்டவில்லை. கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியும் அவர்களுக்கு இருக்கை வழங்க வகைசெய்தன.

நிற்பவருக்கு இருக்கை எப்படி உரிமையோ, இருப்பவருக்கு எழுந்து நிற்பது அப்படியே உரிமையாக வேண்டும். எவ்வளவு செம்மையாக அமர்ந்தாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதை உடம்பு பொறுக்காது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்து வருவது, விலைமிக்க நாற்காலியைவிட முதுகுக்கு நல்லது. திருமூலர் உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணும் வழியாகவே கண்டார். எழுந்து நடப்பவரைச் சோம்பேறி என்று கருதும் மேலாளர்களும் நம் வட்டத்தின் கூட்டங்களுக்கு வந்து அமர்ந்தால், அவரை இங்கே மூலரிடம் அறிமுகம் செய்து வைக்கலாம்.

நம் மலரை அடித்தவர்

இறுதியாக, இந்த மேடைக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லி அமைகிறேன். நம்முடைய கவிதைகளை எல்லாம் நாமே அடிப்பதில்லை. கையெழுத்துப் படியாகக் கொடுத்துவிடுகிறோம். கணினி அச்சகத்தில் அதை அடிப்பவர் பெரும்பாலும் ஓர் இளம்பெண்ணாக இருக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்பது அவருக்குக் கூலி. எழுந்து நடந்தால் பக்கம் குறையும். பக்கம் குறைந்தால் வருவாய் குறையும். ஆகவே அவர் எழுவதில்லை. நம் படியை மேசையின் இடப்பக்கம் படுக்கையாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கழுத்தைத் திருப்பிக் குனிந்து படித்துவிட்டுத் திரைக்கு நிமிர்கிறார். நாம் அடித்தல் திருத்தலோடு, தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதிய வரிகளைப் படிக்க இன்னும் ஆழமாகக் குனிகிறார். பிழை வந்தால் கடிந்துகொள்கிறோம். ராமசீனி சொன்ன மூன்று காரணங்களும் அந்த ஒரு நாற்காலியில் கூடியிருக்கின்றன. கை தளர்ந்துபோனால் அவருக்கு இழப்பீடும் இல்லை. வேறு தொழிலும் எளிதில் அமையாது.

பழைய கணக்கர்கள் சாய்வான மூடியுள்ள எழுத்துப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டார்கள். தாள் கண்ணை நோக்கி எழுந்து நிற்க அந்தச் சாய்வு உதவியது. நம் வீடுகளில் இராமாயணம் படிக்கச் சிக்குப்பலகை இருந்தது. அதே சிக்குப்பலகையைத் திரையின் பக்கத்தில், திரையின் உயரத்திற்கு ஏற்றி வைத்து, அதில் படியைச் சார்த்தினால் அந்தப் பெண்ணின் கழுத்து பிழைக்கும். நம் வட்டம் தன் பதினோராம் ஆண்டின் முதற்செயலாக, நமக்கு மலர் அடித்துத் தரும் இடத்திற்கு ஒரு சிக்குப்பலகையும், ஒரு கால்மணையும், உயரத்தை மாற்றக்கூடிய ஒரு நாற்காலியும் வாங்கித் தர வேண்டும் என்று முன்மொழிகிறேன். பொன்னாடைகளுக்கு நாம் செலவிடும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதுமானது. பொன்னாடை போர்த்தப்பெற்றவளாகவே இதைச் சொல்கிறேன். அவைத்தலைவர் பொறுத்தருள வேண்டும்.

கவிஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். படியைத் தெளிவாக, வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிக் கொடுங்கள். மலருக்குரிய இறுதி நாளின் இரவில் கொடுக்காமல் பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். ஓர் இரவில் நாற்பது பக்கம் அடிக்க நேர்வதுதான் கையைக் கெடுக்கிறது. பக்கக் கணக்கில் கூலி பேசும்போது இடையே எழுந்து நடப்பதற்கும் சேர்த்துப் பேசுங்கள்.

உழைப்பவரைப் பற்றி நம் கவிதைகள் நிறையவே பேசியிருக்கின்றன. உலைக்களத்துத் தொழிலாளியையும் வயலில் குனிந்து நடும் பெண்ணையும் பாடியிருக்கிறோம். அந்தக் கவிதையையே குனிந்து அடித்தவரையும் இனி நினைப்போம். இவ்வுரையை எழுத்து வடிவில் மலரில் படிக்கும்போது, இதன் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விரல் தொட்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அடுத்துக் கவியரங்கம் தொடங்குமுன் எல்லாரும் ஒருமுறை எழுந்து நின்று அமருங்கள்.